லடாக் போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் இருக்கட்டும், கவனத்தைப் பாருங்கள்

திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் பட்டாளத்திலோ வடக்கே கான்ட்ராக்ட் வேலையிலோ ஒருத்தராவது இருப்பார். நான் லடாக்கின் லே நகரில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் சைட்டில் சில வருடங்கள் ஸ்டோர் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அதனால் லடாக் கிளம்புகிற பையன்கள் யாரிடமாவது நம்பர் வாங்கி எனக்குப் போன் போடுவார்கள், இல்லையென்றால் டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எத்தனை ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போகணும்?" ஸ்வெட்டர் லே மார்க்கெட்டிலேயே கிடைக்கும். குளிரைப் பற்றிப் பயமுறுத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தலைக்குள் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை, அதைத்தான் எழுதுகிறேன்.

மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம்தான். லே சுமார் 3,500 மீட்டர். "மேலே காற்றில் ஆக்சிஜன் கம்மி" என்று எல்லாரும் சொல்வது பாதிதான் சரி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு தெப்பக்குளத்திலும் 21 சதவீதம், கர்துங் லா கணவாயிலும் 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். லேயில் அது கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இறங்கிவிடும், 5,500 மீட்டருக்குப் போனால் பாதிதான். அழுத்தம் குறைந்தால் நுரையீரலில் இருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜன் ஏறுவதும் குறைகிறது. மதுரையில் ஆக்சிமீட்டரில் 97, 98 காட்டுகிற நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு லேயில் இறங்கிய அன்று 80-களில் காட்டுவது சகஜம். மூளையோ உடம்பு எடையில் 2 சதவீதம்தான், ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே வேண்டும். வரத்து குறையும்போது அங்கே ஒன்றும் ஆகாது என்று எப்படிச் சொல்வது?

"நான் கொடைக்கானல் எத்தனையோ தடவை போயிருக்கேன், ஒண்ணும் பண்ணல" என்று ஒருத்தர் சொல்வார். கொடைக்கானல் 2,100 மீட்டர் அளவுதான், 2,500 மீட்டருக்குக் கீழே பெரும்பாலான ஆட்களுக்கு எதுவும் தெரியாது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது பஸ்ஸில் வருகிற வாந்தி வளைவுகளால் வருவது, அதற்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை. அது மட்டுமில்லாமல் லேக்கு விமானத்தில் போகிறவர் டெல்லியில் காலையில் ஏறி ஒன்றேகால் மணி நேரத்தில் அவ்வளவு உயரத்தில் இறங்கிவிடுகிறார். உடம்புக்கு யோசிக்கவே நேரம் கொடுப்பதில்லை.

சரி, கவனத்துக்கு வருகிறேன். எங்கள் ஸ்டோரில் ஸ்டாக் ரெஜிஸ்டர் ஒன்று உண்டு. கம்பி, சிமென்ட், கேபிள், பைப் என்று ஒவ்வொரு சாமானுக்கும் தனிப் பக்கம், பக்கத்துக்கு மூன்று பத்தி: வரவு, செலவு, இருப்பு. லாரி எப்போதாவதுதான் வரும், சைட்டுக்குச் சாமான் கொடுப்பதோ நாள் முழுக்க நடக்கும், ஆகவே பேனா பழக்கத்தில் செலவுப் பத்தியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்படி வரிசையாகச் செலவு எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு லாரி வந்து நிற்கும். புதிதாக மேலே வந்த பையன் இறங்கிப் போய் 12 எம்எம் கம்பியைச் சரியாக எண்ணுவான், சலானோடு ஒத்துப் பார்ப்பான், எண்ணையும் சரியாகவே எழுதுவான், ஆனால் செலவுப் பத்தியில் எழுதிவிடுவான். அப்புறம் இருப்பில் இருந்து கழிக்கவும் செய்வான், கழித்தலில் ஒரு பிசகும் இருக்காது. வந்த கம்பி போன கம்பியாகிவிடும், அவ்வளவுதான்.

கணக்குப் போடுகிற புத்தி எங்கும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பழக்கத்தில் கை ஒரு பக்கம் போகிறது, "நில்லு, இது வேற" என்று அதைப் பிடித்து நிறுத்துகிற ஒன்று உள்ளே இருக்கிறதே, அதுதான் அந்த நேரம் அசந்துவிடுகிறது. பழைய ரெஜிஸ்டர்களைப் புரட்டினாலும் இதே கதைதான்: சித்திரைத் திருவிழா பார்த்துவிட்டு ஆட்கள் மேலே ஏறுகிற சீசன் ஆரம்பத்துப் பக்கங்களில் ஒரே அடித்தல் திருத்தல், ஜூலை ஆகஸ்ட் பக்கங்கள் சுத்தமாக இருக்கும். புது ஆள், வேலை பழகவில்லை, அதனால்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் வருடக்கணக்கில் ரெஜிஸ்டர் எழுதின கைகளும் குளிர்கால லீவு முடிந்து திரும்பிய வாரத்தில் அதே இடத்தில்தான் சறுக்கின. அதற்கு வேலை பழகாததைக் காரணம் சொல்ல முடியாது.

இதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் கவனக் கட்டுப்பாடு என்கிறார்கள். கவனம் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: விழிப்பாக இருப்பது, பார்க்க வேண்டிய பக்கம் திரும்புவது, குறுக்கே வருவதையும் தானாக வருவதையும் அடக்கிவிட்டுச் சரியானதைச் செய்வது. மூன்றாவதைச் சோதிக்க ஒரு எளிய முறை வைத்திருக்கிறார்கள். திரையில் ஐந்து அம்புக்குறிகள் வரும், நடுவில் இருப்பது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்து அம்புகள் எதிர்ப்பக்கம் காட்டினால் எவருக்குமே கொஞ்சம் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. திபெத்தின் லாசாவில், அதுவும் 3,650 மீட்டர், வருடக்கணக்கில் தங்கிவிட்ட சமவெளிக்காரர்களை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தபடி இந்த மாதிரிச் சோதனைகள் நடந்திருக்கின்றன. நடு அம்புக்கும் பக்கத்து அம்புகளுக்குமான மோதலைத் தீர்க்கிற கட்டத்தில் அவர்களுடைய அலைகள் கீழே வாழ்கிறவர்களுடையதில் இருந்து வேறுபட்டிருந்தன. அதாவது முதல் வாரத்தோடு முழுசாக முடிந்துபோகிற விஷயமும் இல்லை.

ஏன் இப்படி என்பதற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. ஆக்சிஜன் குறைந்ததும் உடம்பு வேகமாக மூச்சு வாங்கும், அதில் கரியமில வாயு அதிகமாக வெளியே போய்விடும். ஆக்சிஜன் குறைவு மூளையின் ரத்தக் குழாய்களை விரிக்கப் பார்க்கிறது, கரியமில வாயுக் குறைவு அவற்றைச் சுருக்கப் பார்க்கிறது. உள்ளே இந்த இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதுதான் நாம் சலான் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். நரம்புகளுக்கிடையே சேதி கடத்துகிற டோபமின், செரட்டோனின் மாதிரி ரசாயனங்களை மூளை தயாரிப்பதற்கே ஆக்சிஜன் தேவை. இதற்கு மேல் தூக்கம். உயரத்தில் புதிதாகத் தூங்குகிறவர் நாலைந்து முறை வேகமாக மூச்சு விட்டு, அப்புறம் சில நொடி மூச்சே இல்லாமல் கிடந்து, திடுக்கென்று மறுபடி ஆரம்பிப்பார். பக்கத்துக் கட்டிலில் முதல் முறை இதைக் கேட்கிறவருக்குத்தான் உயிர் போய்விடும். ராத்திரி முழுக்க இப்படித் துண்டு துண்டாக விழித்தவர் காலையில் "நல்லாத் தூங்கினேன்" என்றுதான் சொல்வார். பகலில் வருகிற தடுமாற்றத்தில் பெரும்பகுதி இந்தத் தூக்கத்தின் வேலை என்பது என் கணிப்பு.

எனக்கு இதில் பயமே ஒன்றுதான்: கவனம் போனவருக்கே அது போனது தெரியாது. 1875-இல் பிரான்சில் மூன்று பேர் ஒரு பலூனில் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள், கையில் ஆக்சிஜன் பைகளும் இருந்தன. உயிரோடு திரும்பியவர் ஒருவர்தான், கஸ்தோன் திசாந்தியே. மேலே எந்த வேதனையும் தெரியவில்லை, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் இருந்தது என்று அவர் பின்னால் எழுதினார். பக்கத்திலேயே இருந்த ஆக்சிஜன் குழாயை எடுக்கக் கை எழவில்லை. 3,500 மீட்டரில் அவ்வளவு தூரம் போகாது, நிச்சயமாக. ஆனால் அந்த "எனக்கு ஒண்ணுமில்ல" இருக்கிறதே, அது லே விமான நிலையத்தில் இறங்குகிற ஒவ்வொரு இளவட்டத்தின் வாயிலும் உண்டு. நம்ம ஊர்ப் பையன்கள் என்றால் கேட்கவே வேண்டாம், ஜல்லிக்கட்டில் மாடு பிடிக்கிறவனுக்கு லேயா ஒரு பொருட்டு என்கிற நடை. உடல் வலு இதில் எதையும் காப்பாற்றாது, இன்னும் சொன்னால் வலு உள்ளவன்தான் முதல் நாளே மூட்டை தூக்கிவிட்டு ராத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.

ஆகவே உங்கள் கவனத்தை உங்கள் தலைக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். நான் செய்தது முழுக்க இதன் கீழேதான் வரும்.

ரெஜிஸ்டரில் வரவுக்குத் தனி நோட்டே போட்டுவிட்டேன், வேறு நிற அட்டை, வேறு மேஜை. எழுந்து போய்த்தான் எழுத முடியும். எழுந்து நடக்கிற அந்த நாலு அடியிலேயே கை பழக்கம் அறுந்துவிடுகிறது. "கவனமா எழுதுப்பா" என்று எத்தனை முறை சொன்னாலும் வராத பலன் அந்த மேஜையில் வந்தது. அடுத்து, சாமான் வாங்குகிறவர் எண்ணிக்கையை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லாமல் கேட் பாஸ் கிடையாது. நம்ம ஆட்களுக்கு ஆரம்பத்தில் இது பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதென்று சிரிப்பு, அப்புறம் பழகிவிட்டது. எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் எடுக்கலாம், ஆனால் விட்ட இடத்தில் இருந்து தொடரக்கூடாது, முதலில் இருந்து எண்ண வேண்டும். குறுக்கீட்டில் இருந்து திரும்பி வருகிற இடத்தில்தான் உயரம் நம்மை ஏமாற்றுகிறது.

முதல் இரண்டு நாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஊருக்குப் பணம் அனுப்புவது, ஆன்லைனில் லோன் பார்ப்பது, வங்கியில் இருந்து பேசுகிறேன் என்று ஓடிபி கேட்கிறவனிடம் பேச்சு வளர்ப்பது எதுவும் வேண்டாம். கீழே இருந்தால் உடனே சந்தேகம் வந்திருக்கும், அங்கே சந்தேகம் பத்து நொடி லேட்டாக வரும். வண்டி ஓட்டுவதும் அப்படித்தான், அதுவும் இருட்டில். இருட்டில் பார்க்கும் திறன் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அடிவாங்குகிற விஷயங்களில் ஒன்று.

இந்திய ராணுவத்தில் 9,000 அடியில் இருந்து 12,000 அடி வரையிலான உயரத்துக்கு (லேயும் இதற்குள்தான்) போகிறவருக்கு ஆறு நாள் பழக்கப்படுத்துகிறார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவாக நடை, கடைசி இரண்டு நாள் கொஞ்சம் ஏற்றம். 1962 போரின்போதும் அதற்குப் பிறகும் சமவெளியில் இருந்து சட்டென்று மேலே கொண்டுபோகப்பட்ட வீரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படி உயர நோய் வந்த 1,925 வீரர்களைப் பற்றி நம் ராணுவ மருத்துவர்கள் 1969-இல் எழுதிய கட்டுரை இன்றும் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. தனியார் கம்பெனிகளில் ஆறு நாள் சம்பளத்தோடு படுக்கவைக்க மனசு வராது. எங்கள் கம்பெனியும் இரண்டாம் நாளே ஹெல்மெட்டை மாட்டிவிடும். அப்படி இருந்தால் குறைந்தது உயரமான சாரம், கரண்ட் வேலை, கிரேன் இந்த மூன்றில் இருந்தாவது முதல் வாரம் விலக்கு கேளுங்கள். அதைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கோபத்தையும் இதில் சேர்க்க வேண்டும். நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்குவதும் கவனக் கட்டுப்பாடுதான், அது தளர்ந்தால் மெஸ்ஸில் சண்டை. லேயில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் வடித்தால் சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும். புதிதாக வந்த சமையல்காரர் அண்டாவில் வடிக்க, பசியோடு வந்த ஆட்கள் தட்டைத் தூக்கி எறிய, மேலூர்க்காரரும் பரமக்குடிக்காரரும் ஊர்ப்பெருமை வரைக்கும் போய்விடுவார்கள். பிரஷர் குக்கர் வந்ததும் பாதிச் சண்டை நின்றது. மீதிக்கு நான் வைத்த விதி, வந்த முதல் வாரத்தில் யார் யாரைப் பற்றிப் புகார் சொன்னாலும் கேட்டுக்கொள்வது, நடவடிக்கை அடுத்த வாரம். அடுத்த வாரம் அநேகமாகப் புகார் கொடுத்தவரே மறந்திருப்பார்.

போவதற்கு முன் மதுரையிலேயே செய்ய வேண்டியது சில உண்டு. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள், குறைவாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுச் சரிசெய்துகொண்டு ஏறுங்கள், ஆக்சிஜனைச் சுமப்பதே அதுதான். உயரத்துக்கு உடம்பு பழக உதவுகிற டயமாக்ஸ் மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசுங்கள். பொதுவாக 125 மில்லிகிராம் காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தின நாளில் இருந்து தொடங்கச் சொல்வார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். இதைச் சாப்பிட்டால் விரல் நுனி குறுகுறுக்கும், சோடா குடித்தால் ருசி கெட்டுப்போன மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். ராத்திரி மூச்சு நின்று நின்று வருவதையும் இது குறைக்கும். தூக்க மாத்திரையும் சரக்கும் நேர் எதிர், மூச்சு விடச் சொல்கிற மூளையின் உத்தரவையே அமுக்கிவிடும். "குளிருக்கு ஒரு கட்டிங்" என்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், என்னிடம் கேட்டவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, நாலு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா எடுத்து "சிவப்பு" என்பதைப் பச்சையிலும் "மஞ்சள்" என்பதை நீலத்திலும் இப்படி மாற்றி மாற்றி ஒரு தாள் நிறைய எழுதுங்கள். எழுத்தைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லி நேரம் பாருங்கள். ஸ்ட்ரூப் என்பவர் 1935-இல் வெளியிட்ட சோதனைதான் இது. ஊரிலேயே பல தடவை செய்து உங்கள் வழக்கமான நேரம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் செய்யச் செய்ய வேகம் கூடும், ஒரு தடவை செய்ததை வைத்து ஒப்பிட முடியாது. மேலே போய்ச் செய்யும்போது நேரம் கூடினால் அல்லது வாய் தானாக எழுத்தைப் படித்துவிட்டால், அன்றைக்கு நுணுக்கமான வேலையைத் தள்ளிப்போடுங்கள். இது நோய் கண்டுபிடிக்கிற சோதனை இல்லை, "எனக்கு ஒண்ணுமில்ல" என்பதற்கு எதிராக ஒரு தாள் சாட்சி, அவ்வளவே. ஆக்சிமீட்டரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், குளிரில் விரல் விறைத்திருந்தால் அது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும்.

இதெல்லாம் லேசான மந்தம் பற்றிய பேச்சு. தலைவலி, குமட்டல், அசதி வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது, கூடிக்கொண்டே போனால் கீழே இறங்க வேண்டும். குடித்தவன் மாதிரி நடை தள்ளாடினால், குதிகாலை மறு கால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், அது மூளையில் நீர் கோர்ப்பதன் அடையாளமாக இருக்கலாம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்கவைக்கக் கூடாது, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்கும் கீழேயும் கொண்டுபோக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலும் அப்படியே. மூடின அறையில், குளிருக்கு வைக்கிற புகாரி அடுப்பு எரிந்து எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால் அது உயரமாக இல்லாமல் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம், உடனே கதவைத் திறந்துவிட்டு ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள்.

வாரங்கள் போகப் போக உடம்பு பழகும், ரத்தத்தில் சிவப்பணு கூடும், ரெஜிஸ்டரும் சுத்தமாகும். அங்கேயே பிறந்து வளர்ந்த லடாக்கிகளைப் பார்த்து அதே அளவுக்குப் பழகிவிடுவோம் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் உடம்பு எத்தனையோ தலைமுறையாக அந்தக் காற்றுக்குத் தயாரானது. எங்கள் லடாக்கி வாட்ச்மேன் எதற்கும் "ஆராம் ஸே", அதாவது நிதானமாக, என்றுதான் சொல்வார். சோம்பேறித்தனம் என்று நம் ஆட்கள் கேலி செய்வார்கள், அவர் பூட்டு பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

லீவில் ஊருக்கு இறங்கினால் சில நாள் அசதி, எந்நேரமும் தூக்கக் கிறக்கம், அதுவும் சகஜம்தான். பொங்கல் முடிந்து திரும்பி ஏறும்போதுதான் ஜாக்கிரதை, உடம்பு பழகினதெல்லாம் சில வாரத்தில் கழன்றுவிடும், மறுபடி முதல் நாளில் இருந்து ஆரம்பம். பழைய ஆள் என்ற தெம்பில் நேராக சைட்டுக்குப் போகிறவர்தான் அதிகம் மாட்டுகிறார்.

கடைசியாக, வீட்டில் யாரிடம் தினமும் பேசுகிறீர்களோ அவரிடம் சொல்லி வையுங்கள்: ஒரே விஷயத்தை நான் அடுத்தடுத்து இரண்டு தடவை சொன்னாலோ, வார்த்தை தேடினாலோ, காரணமில்லாமல் சிடுசிடுத்தாலோ என்னிடம் விவாதம் பண்ண வேண்டாம், என் சூப்பர்வைசருக்குப் போன் போடு. கூட இருக்கிறவர்களும் அதே காற்றைச் சுவாசிப்பவர்கள், அவர்களுக்குத் தெரிவதைவிடத் திருமங்கலத்தில் இருக்கிற மனைவிக்கு முதலில் தெரியும். எங்கள் சைட்டில் ஒரு வெல்டருக்கு அப்படித்தான் தெரிந்தது, அவர் வீட்டம்மா போன் பண்ணி "இவரு பேச்சே சரியில்லைண்ணே, கொஞ்சம் போய்ப் பாருங்க" என்ற பிறகுதான் நாங்கள் போய்ப் பார்த்தோம். அதற்கு போன் வேலை செய்ய வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, கிளம்புவதற்கு முன் இங்கேயே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சூப்பர்வைசர் நம்பரையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.